கணினியின் ஆயுளை முடிவு செய்வது யார்?

கும்பகோணத்தில் என் அக்கா வீட்டுப் பரணில், கொலுப் பொம்மைப் பெட்டிக்கும் பழைய இட்லிக் கொப்பரைக்கும் நடுவே இரண்டு மடிக்கணினிகள் வேட்டித் துணியில் சுற்றிக் கிடந்தன. ஒன்று, மூத்தவன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. மற்றொன்று, பொறியியல் படிப்பில் ப்ராஜெக்ட் செய்வதற்காக 2016-இல் தவணை போட்டு வாங்கியது. இப்போது சின்னவள் கல்லூரிக்குப் போகிறாள். இரண்டாவது மடிக்கணினியைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "இதுல புது விண்டோஸ் ஏறாதுக்கா. பழசுக்கு இனிமே அப்டேட்டும் வராது. எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு புதுசா எடுத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். புதியது நாற்பதாயிரம் ரூபாய். அக்கா பேசாமல் அதைத் திரும்பக் கொண்டுவந்து பரணில் ஏற்றிவிட்டாள். பொங்கலுக்குப் போயிருந்தபோது என்னிடம் சொன்னாள்.

அக்கா வீடு எதையும் லேசில் தூக்கிப்போடுகிற வீடு இல்லை. மிக்ஸி மோட்டாருக்கு இரண்டு முறை காயில் கட்டியாகிவிட்டது. கிரைண்டர் கல் தேய்ந்தால் கொத்துகிறவரைக் கூப்பிட்டுக் கொத்திக்கொள்கிறார்கள். அம்மா கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த தையல் இயந்திரம் கூடத்தில் இன்றும் ஓடுகிறது. அதன் வார் மாறியிருக்கிறது, பாபின் பெட்டி மாறியிருக்கிறது, இயந்திரம் மாறவில்லை. அப்படிப்பட்ட வீட்டில், திரை உடையாத, ஒரு விசைகூடப் பழுதாகாத கணினி ஒன்று செத்துவிட்டதாகச் சொல்லப்பட்டு மேலே ஏற்றப்பட்டிருந்தது. அதற்கு என்ன ஆயிற்று என்று பார்த்தால், ஒன்றும் ஆகவில்லை. ஒரு தேதி வந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்தத் தேதி 2025 அக்டோபர் 14. 2015 ஜூலை 29-இல் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் அன்றோடு வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. கேட்டுப் பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் அதற்குப் பின் ஓராண்டு கிடைக்கும் என்று அறிவித்தது. அடுத்ததான விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் கணினியாக இருந்தால் பெரும்பாலும் 2017-இல் வெளிவரத் தொடங்கிய எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 2016-இல் வாங்கியவர்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிட்டார்கள்.

ஒரு நிறுவனம் தன் பழைய பொருளைக் காலமெல்லாம் பராமரிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. திருத்தம் எழுதுவது உழைப்பு. உழைப்புக்குச் செலவு உண்டு. பத்தாண்டு குறைந்த காலமும் இல்லை. என் கேள்வி வேறு. மிக்ஸி செய்த நிறுவனம் அந்த மாதிரியைக் கைவிட்டால், கடைத்தெருவில் ஒரு லேத் பட்டறைக்காரர் அதற்குக் கப்ளர் கடைந்து கொடுக்கிறார். யாரும் அவரைத் தடுப்பதில்லை. ஒரு கணினியின் இயங்குதளத்தை அதை எழுதிய நிறுவனம் கைவிட்டால் வேறு யார் எடுத்துச் செய்ய முடியும்? அதன் மூல நிரல் பூட்டி வைக்கப்பட்டிருந்தால் ஒருவராலும் முடியாது. எவ்வளவு படித்தவராக இருந்தாலும், ஊரே திரண்டு வந்தாலும் முடியாது. கணினி நம்முடையது, காசு நம்முடையது. ஆயுளை முடிவு செய்வது மட்டும் வேறொருவர். இதற்கு மாற்று நாற்பது ஆண்டுகளாக உருவாகி, கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது நம் வீடுகளில் அது ஏன் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அந்த மாற்றின் கதையே ஒரு பழுதில்தான் தொடங்குகிறது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சு இயந்திரத்தைக் கொடுத்தது. அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். இயந்திரம் ஒரு தளத்தில், வேலை செய்பவர்கள் வேறு தளத்தில். போய்ப் பார்த்தால்தான் நின்று கிடப்பது தெரியும். அங்கே நிரலராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், முன்பு இருந்த அச்சு இயந்திரத்தின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி செய்திருந்தார். புதியதற்கும் அப்படியே செய்யப் பார்த்தார். மூல நிரல் தரப்படவில்லை. அந்த நிரல் வைத்திருந்த பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரைத் தேடிப்போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்திட்டிருப்பதாகச் சொல்லி அவரும் மறுத்துவிட்டார். திருத்தத் தெரிந்தவன் எதிரே நிற்கிறான், திருத்த வேண்டிய இயந்திரமும் இருக்கிறது, திருத்தக் கூடாது என்கிறது ஒரு காகிதம். 1983 செப்டம்பர் 27-இல் யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற நிபந்தனையோடு முழு இயங்குதளம் ஒன்றை எழுதப்போவதாக ஸ்டால்மன் அறிவித்தார். அதுதான் ஜிஎன்யு.

1991-இல் அதற்குத் தேவையான கருவிகள் பெரும்பாலும் எழுதி முடிக்கப்பட்டிருந்தன. வன்பொருளோடு நேரடியாகப் பேசும் நடுக்கரு, கெர்னல், மட்டும் தயாராகவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயது, தன் வீட்டு 386 கணினிக்காக ஒரு கெர்னல் எழுதிவருவதாக அறிவித்தார். அதுதான் லினக்ஸ். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. லினக்ஸ் பிறந்தது தரவு மையத்தில் அல்ல, ஒரு வீட்டில். ஒரு மாணவர் சொந்தமாக வாங்கிய கணினியில். அடுத்த ஆண்டே ஸ்டால்மனின் உரிமத்தின்கீழ் அதை வெளியிட்டார். இன்று ஆண்ட்ராய்டு போன் ஒவ்வொன்றின் அடியிலும் அந்தக் கெர்னல்தான் இருக்கிறது. 2017 நவம்பர் முதல், உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளின் பட்டியலில் உள்ள அத்தனையும் லினக்ஸில் ஓடுகின்றன. பிறந்த இடமான வீட்டு மேசைக்கு மட்டும் அது இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

ஆங்கிலத்தில் இந்த இயக்கத்துக்கு வாய்த்த சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. விடுதலைக்கும் விலையின்மைக்கும் அவர்களிடம் ஒரே சொல். அதனால் முப்பது நாற்பது ஆண்டுகளாக விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்றே சொல்லிக்கொள்கிறது. ஆனால் நல்ல சொல் இருந்தும் நாம் 'ஃப்ரீ சாப்ட்வேர்' என்று கேட்டதும் இலவசம் என்றே எடுத்துக்கொண்டோம். இலவசமாக வருவது மட்டமாக இருக்கும் என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது. காசில்லாமல் கிடைப்பது இதன் சின்னப் பயன். பெரிய பயன், இதைத் திருத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்பது.

அக்கா வீட்டுக் கதைக்கு வருகிறேன். பொங்கல் மறுநாள் சின்னவளையும் உட்கார வைத்துக்கொண்டு அந்த மடிக்கணினியைப் பிரித்தேன். முதலில் அதிலிருந்த படங்களையும் கோப்புகளையும் வெளி வன்தட்டில் எடுத்து வைத்தோம். இதைச் செய்யாமல் யாரும் அடுத்த படிக்குப் போகக் கூடாது. மூத்தவனின் கல்லூரிப் படங்கள், மறைந்த அத்திம்பேரின் குரல் பதிவு ஒன்று எல்லாம் அதில் இருந்தன. பிறகு என் கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் பதிவிறக்கினேன். மூன்று ஜிபி அளவுக் கோப்பு. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் அதை எழுதிச் செருகி, கணினியைப் போடும்போதே எஃப்12 விசையைத் தட்டி, பென் டிரைவிலிருந்து தொடங்கச் சொன்னோம். இரண்டு நிமிடத்தில் திரை வந்துவிட்டது.

"இன்ஸ்டால் ஆயிடுச்சா மாமா?"

"இல்லம்மா. இன்னும் எதையும் தொடல. பென் டிரைவுலேருந்தே ஓடுது. புடிக்கலைன்னா உருவிட்டு மறுபடி போடு, பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்."

அவளுக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். புடவைக் கடையில் விரித்துப் பார்ப்பதைப்போல, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். பாட்டு ஓடுகிறதா, கேமரா தெரிகிறதா, வைஃபை பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பாட்டு ஓடியது. கேமரா தெரிந்தது. வைஃபை பிடிக்கவில்லை.

லினக்ஸை முதன்முதலாகப் போடுகிறவர்களில் பலர் கைவிட்டுப் போவது இந்த மாதிரி இடத்தில்தான் என்பதால் இதைச் சொல்கிறேன். வைஃபை சில்லு செய்யும் நிறுவனங்கள் சில, தங்கள் டிரைவர் நிரலைத் திறந்து தருவதில்லை. அதனால் அது பென் டிரைவில் சேர்ந்து வராது. இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். சின்னவள்தான் வழி சொன்னாள். தன் கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் செருகி, அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்தாள். டிரைவர் மேலாளர் என்று ஒரு பயன்பாடு இருக்கிறது. அதைத் திறந்ததும் எந்த டிரைவர் வேண்டும் என்று அதுவே காட்டியது. ஒரு சொடுக்கு. அரை மணி நேரச் சிக்கல் தீர்ந்தது.

அதன் பிறகு நிறுவினோம். மொழிப் பட்டியலில் 'தமிழ்' இருந்தது. நேர மண்டலத்துக்கு கொல்கத்தா என்று கொடுத்தோம். வட்டை முழுவதும் அழிக்கவா என்று கேட்டபோது சின்னவள் என் முகத்தைப் பார்த்தாள். புதிதாக மாட்டிய வட்டில் ஒன்றும் இல்லை, அழி என்றேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மடிக்கணினி இப்போது ஓடுகிற வேகத்துக்கு லினக்ஸ் மட்டும் காரணம் இல்லை. பழைய சுழல் வன்தட்டைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, மின்ட்டை நிறுவும் முன்பே மாற்றிவிட்டோம். வேகத்தில் பாதி அதன் தயவு. மீதிப் பாதி, இந்த இயங்குதளம் சும்மா இருக்கும்போது சுமார் ஒரு ஜிபி நினைவகத்தோடு நின்றுகொள்கிறது. 4 ஜிபி உள்ள கணினியில் மீதி மூன்றும் நம் வேலைக்கு.

சின்னவள் பிளஸ் டூவில் பைத்தான் படித்தவள். டெர்மினலைத் திறந்து பைத்தான்3 என்று அடித்தாள். எதையும் நிறுவாமலே வந்து நின்றது. இரண்டு எண்களைக் கூட்டிப் பார்த்தாள். பள்ளி ஆய்வகத்தில் முறை வைத்துக்கொண்டு உட்கார்ந்த அந்தக் குழந்தைக்குத் தன் மடியில் ஒரு கணினி பதில் சொன்னதும் முகத்தில் தெரிந்த வெளிச்சம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தப் பதிப்பான மின்ட் 22-க்கு 2029 வரை திருத்தங்கள் வரும். அதற்குப் பிறகு அடுத்த பதிப்பைப் போட்டுக்கொள்ளலாம். ஒருவேளை மின்ட் குழுவே கடையை மூடிவிட்டாலும், டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. 1993-இல் தொடங்கி இன்றுவரை முதலாளி என்று ஒருவர் இல்லாமல் தன்னார்வலர்களால் நடப்பது. ஒரு பட்டறை மூடினால் அடுத்த பட்டறை.

அரசு கொடுத்த அந்த முதல் மடிக்கணினியையும் இறக்கினோம். 2 ஜிபி நினைவகம். அதில் இணைய உலாவியில் நான்கு பக்கம் திறந்தால் மூச்சு வாங்குகிறது. இன்றைய இணையப் பக்கங்களின் கனத்துக்கு எந்த இயங்குதளமும் மருந்து இல்லை. டெபியனை இலகுவான திரையோடு போட்டுக் கொடுத்தேன். அக்கா அதில் கோயில் வரவு செலவைக் கணக்குத்தாளில் எழுதுகிறாள், தமிழில் தட்டச்சு செய்கிறாள். அந்த அளவுக்கு அது போதும்.

தமிழில் தட்டச்சு என்று சொன்னேன். தமிழ் எழுதுகிறவர்களுக்கு மூடிய மென்பொருளின் விலை என்ன என்று வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் நான் எழுதிய கட்டுரைகள் நூற்றுக்கு மேல் ஒரு குறுந்தகட்டில் இருக்கின்றன. அன்று காசு கொடுத்து வாங்கிய ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அந்த எழுத்துருவின் குறியேற்றம் அந்த நிறுவனத்துக்கு மட்டுமே சொந்தமானது; வெளியே யாருக்கும் தெரியாது. நிறுவனம் இன்று இல்லை. கோப்பைத் திறந்தால் 'அ' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாக வருகிறது. என் எழுத்து, என் வட்டு, என்னால் படிக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியேற்றம் என்று இருந்தது. எத்தனை பதிப்பகங்களின் பழைய புத்தகக் கோப்புகள் இப்படி ஊமையாகிக் கிடக்கின்றன என்பது அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். யூனிகோடு என்ற திறந்த தரம் வந்து, 2010-இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்ற பிறகுதான் இந்தத் துன்பம் தீரத் தொடங்கியது. பாமினி போலப் பலர் கையில் புழங்கிய எழுத்துருக்களுக்குத் தன்னார்வலர்கள் மாற்றிகள் எழுதிக் கொடுத்தார்கள். என் கட்டுரைகளின் எழுத்துருவுக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை.

இன்று லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் என்ற தொகுப்பை நிறுவினால், தமிழ்99, தட்டச்சுப் பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை, இலங்கையில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை என அத்தனையும் வந்து நிற்கும். எம்17என் ஜப்பானிய அரசு ஆய்வு நிறுவனம் ஒன்றில் உருவானது. ஜப்பானில் செய்த பெட்டிக்குள் யாழ்ப்பாணத்துக்காரர் கைப்பழக்கத்துக்கும் ஓர் இடம் இருப்பதற்குக் காரணம், பெட்டி திறந்திருந்தது. தெரிந்தவர்கள் தங்கள் விசைப்பலகையைக் கொண்டுபோய் வைத்தார்கள். இத்தனை கோடிப் பேர் வாங்குவார்களா என்று கணக்குப் போட்டுப் பார்த்து யாரும் அனுமதி தர வேண்டியிருக்கவில்லை.

பட்டியல்களின் தமிழாக்கமும் அப்படி வந்ததுதான். கோப்பு, திருத்து, பார்வை என்று நாம் காணும் ஒவ்வொரு சொல்லையும் யாரோ ஒரு தமிழர், பகல் வேலை முடித்து வந்து, இரவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அது முழுமையாக இல்லை. தமிழ்த் திரையைத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பெட்டிகள் ஆங்கிலத்திலேயே வரும், சில மொழிபெயர்ப்புகள் புரியாது. சில ஆண்டுகளுக்கு முன் படம் பார்க்கும் செயலி ஒன்றில், ஒரு பொத்தானின் தமிழ் நேர்மாறான பொருள் தருவதைக் கண்டேன். மொழிபெயர்ப்புத் தளத்தில் பதிந்து திருத்தி அனுப்பினேன். அடுத்த பதிப்பில் என் திருத்தம் இருந்தது. ஒரே ஒரு சொல்தான். ஆனால் நான் காசு கொடுத்து வாங்கிய எந்த மென்பொருளிலும் ஒரு சொல்லைக்கூட என்னால் மாற்ற முடிந்ததில்லை.

இனி, குறைகள். வீட்டிலேயே கணக்கு எழுதிக் கொடுப்பவர்களுக்கு டேலி வேண்டும். டேலி விண்டோஸுக்கு எழுதப்பட்டது. ஃபோட்டோஷாப்பிலும் இன்டிசைனிலும் பிழைப்பு நடத்துகிறவர்களை லினக்ஸுக்கு வா என்று நான் கூப்பிட மாட்டேன். அவற்றுக்கு லினக்ஸில் மாற்றாக இருக்கும் கிம்ப், ஸ்கிரைபஸ் நல்ல கருவிகள், ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவரும் கோப்பு அவற்றில் அப்படியே திறக்காது. மின்கையொப்பக் கருவிகள் சில விண்டோஸை மட்டுமே மனதில் வைத்து எழுதப்பட்டவை. அச்சு இயந்திரங்களில் சில செருகியதும் ஓடும், சில நம்மை இரண்டு நாள் அலைக்கழிக்கும். வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. இந்த வேலைகள் உள்ளவர்கள் இரண்டு இயங்குதளங்களையும் அருகருகே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் வீடுகளில் கணினியால் ஆகும் வேலையை எண்ணிப் பாருங்கள். இணையம் பார்ப்பது, கடிதம் எழுதுவது, படம் பார்ப்பது, ரயில் டிக்கெட் போடுவது, பிள்ளைகளின் பாடம், வெளிநாட்டிலிருக்கும் மகனோடு காணொளியில் பேசுவது. இதில் எதற்கும் விண்டோஸ்தான் வேண்டும் என்பது இல்லை.

இன்னொரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுக் கணினிகளில் பலவற்றில் ஓடுவது காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் இல்லை. பாகங்களை வாங்கிக் கோத்துத் தரும் கடைகளில் 'ஓஎஸ் போட்டுத் தர்றோம்' என்று ஏற்றிக் கொடுப்பது பெரும்பாலும் திருட்டுப் பிரதி. அதை இயக்க ஒரு 'கிராக்'. அந்தக் கிராக்கை ஏற்ற வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். வீட்டுக் கதவை எடுத்து வைத்துவிட்டுக் காவலுக்குப் போவது மாதிரி. அந்தக் கணினியில்தான் வங்கிக் கடவுச்சொல்லை அடிக்கிறோம். அதே கடையில், அதே நேரத்தில், சட்டப்படி முழு உரிமையோடு ஒரு லினக்ஸை ஏற்றித் தர முடியும். நாம் கேட்பதில்லை என்பதால் அவர்களும் தருவதில்லை.

எல்லாருக்கும் நிரல் தெரிந்தால் திருடனுக்கும் தெரியுமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2024 மார்ச்சில் அதற்கு ஒரு சோதனை வந்தது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில், ஜியா டான் என்ற புனைபெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் நல்லவராக உதவி செய்து நம்பிக்கை பெற்று, ஒரு கள்ளக் கதவை நுழைத்துவிட்டார். அந்தக் கருவியைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தவர் சம்பளமில்லாமல் செய்த தனி மனிதர், களைத்துப்போயிருந்தவர். அந்தக் களைப்பைத்தான் வந்தவர் பயன்படுத்திக்கொண்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்தார். அரை வினாடி. ஏன் என்று தோண்டிக்கொண்டே போய், கள்ளக் கதவைக் கண்டுபிடித்து மார்ச் 29-இல் உலகுக்கு அறிவித்தார். கெட்டுப்போன பதிப்பை வினியோகித்திருந்தவர்கள் உடனே திரும்பப் பெற்றார்கள். அவர் மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவர் என்பது இதில் கவனிக்க வேண்டிய செய்தி. எந்த நிறுவனத்தின் சம்பளம் வாங்கினாலும், நிரல் திறந்திருந்ததால் அவரால் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. இந்தச் சம்பவத்தை வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. உலகமே சாய்ந்து நிற்கும் ஒரு கருவியை ஒற்றை ஆளின் ஓய்வு நேரத்தில் விட்டுவைத்தோம். ஆனால் பூட்டிய வீட்டுக்குள் இப்படி ஒரு கதவு வைக்கப்பட்டால், அந்த அரை வினாடியைக் கவனிப்பவர் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்க மட்டுமே முடியும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பேச்சில்லை. மாநில அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கிலேயே தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாக வைத்து 'பாஸ்' இயங்குதளத்தை உருவாக்கியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடப்புத்தகத்தில் உபுண்டு இருக்கிறது, ஓப்பன் ஆபிஸ் இருக்கிறது. கணினி கொடுத்தோம், இயங்குதளமும் கொடுத்தோம், பாடத்திலும் வைத்தோம். ஆனால் எனக்குத் தெரிந்த வீடுகளில், கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும் அந்தக் கறுப்புத் திரையில் இரண்டாவது வரியை யாரும் தொட்டதில்லை. அக்கா மகன் நான்கு ஆண்டு வைத்திருந்தான். ஒரு நாள் கைதவறி பாஸ் திறந்துகொண்டதாகவும், வைரஸ் என்று பயந்து அணைத்துவிட்டதாகவும் சொன்னான்.

கேரளத்தில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். அங்கே 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், சில ஆண்டுகளில் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுபோனது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வின் கணினிச் செய்முறையை மாணவர்கள் ஜிஎன்யு லினக்ஸில்தான் செய்கிறார்கள். ஆசிரியர்களுக்குத்தான் முதலில் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பள்ளிக்குக் கணினி பழுது பார்க்கத் தெரிந்த சில ஆசிரியர்கள், பிறகு அதே வேலையைக் கற்ற மாணவர்கள் என்று 2018-இல் லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் வரை வந்துவிட்டார்கள். நாம் பொருளைக் கொடுத்தோம். அவர்கள் பொருளைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஆளை உருவாக்கினார்கள். அந்த ஆள் இல்லாததால்தான் நம் மாணவனுக்கு பாஸ் வைரஸாகத் தெரிந்தது. இதில் மாணவன் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

ஆனால் அந்த ஆட்கள் நம்மிடம் அறவே இல்லை என்று சொன்னால் அது பொய். சென்னையில் ஐஎல்யுஜிசி என்ற லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாகக் கூட்டம் நடத்துகிறது. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. விழுப்புரம் குழுவினர் சுற்றுவட்டார மாணவர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். 2012 முதல் கணியம் இதழ் இவற்றையெல்லாம் தமிழிலேயே எழுதி, யாரும் எடுத்துப் பகிரலாம் என்று விட்டிருக்கிறது. புதிதாக வருகிறவர் கேட்கும் அதே கேள்விக்கு ஆயிரமாவது முறையும் பொறுமையாகப் பதில் சொல்கிறவர்கள் இவர்கள். அக்கா வீட்டுக் கணினிக்கு ஒரு மாமா இருந்தான். மாமா இல்லாத வீட்டுக்கு இவர்கள் போய்ச் சேர வேண்டும், அதற்கு ஓர் இடம் வேண்டும்.

அந்த இடம் நம் ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறது. மாவட்ட மைய நூலகங்களில் மேசை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, பெரும்பாலும் இணையமும் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து முதல் ஒரு மணி வரை, ஒரு மேசையை லினக்ஸ் குழுவினருக்கு ஒதுக்கட்டும். பழைய கணினியைக் கொண்டுவருகிறவர்கள் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் சொல்லச் சொல்ல, தாங்களே நிறுவிக்கொண்டு போகட்டும். செலவு என்று பார்த்தால் நான்கு பென் டிரைவ், இரண்டு பிளக் போர்டு. செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகெங்கும் மென்பொருள் விடுதலை நாளாகக் கொண்டாடப்படுகிறது. பொது நூலக இயக்ககம் இந்த ஆண்டு அந்த நாளிலேயே இதைத் தொடங்கி வைக்கலாம். நீங்களும் அதற்குள் பரணிலிருப்பதை இறக்கி, சார்ஜரைத் தேடி எடுத்து, படங்களை மட்டும் வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.